வெள்ளிக்கோலில் ஐலியென்

எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால், அந்த வீட்டில் காலுறை பின்னாமல் இருக்க வேண்டும். சீனத்துக்கே காலுறை பின்னிப் போடும் எங்கள் தாதாங் ஊரில் அப்படி ஒரு வீடு கிடையாது. முன்னறையில் பின்னல் எந்திரம், பின்னறையில் அடுப்பு, மாடியில் படுக்கை. யார் பின்னினாலும், யார் முனை மூடினாலும், கடைசியில் மூட்டை என் ஆவிக்கொட்டகைக்குத்தான் வந்தாக வேண்டும். கால் வடிவத் தகரத்தில் மாட்டி, ஆவி காட்டி, சுருக்கமில்லாமல் உருவிக் கொடுப்பது என் தொழில். ஒரு காலுறையைக் கையில் வாங்கிய உடனே அந்த வீட்டில் நேற்று சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். கோபத்தில் மூடிய முனை கோணிக்கொண்டு நிற்கும்.

பாய்ஷுன் வீட்டுக் காலுறை மட்டும் ஒருநாளும் கோணியதில்லை. அவன் எந்திரத்தைக் கையால் சுற்றிய நாளிலிருந்து, மின்சாரம் வந்து அது தானாகச் சுற்றும் இந்த நாள்வரைக்கும், அவன் பின்னுவதற்கெல்லாம் முனை மூடுகிறவள் அவன் பெண்டாட்டி ஐலியென். எந்திரம் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கணுக்காலையும் குதிகாலையும் பாதத்தையும் பின்னித் தள்ளும். விரல்முனையை மட்டும் திறந்தே விட்டுவிடும். இரண்டு பக்கமும் வாய் திறந்த குழாய் அது. காலை விட்டால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதை எடுத்து முள்தட்டில் மாட்ட வேண்டும். முள்தட்டு என்பது ஓரம் முழுக்கச் சீப்புப் பல்லாக முட்கள் நிற்கும் ஒரு வட்டத் தட்டு. முனையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாக அந்த முட்களில் கோக்க வேண்டும். தட்டு நகர நகர ஊசி தைத்துக்கொண்டே போகும். ஒரு கண்ணி தப்பினால் போதும், அந்த இடத்தில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும். ஐலியென் மூடிய முனையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் தையல் எங்கே என்று தெரியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். முனை முடிந்த பிறகும் எந்திரம் நாலைந்து சுற்று கூடுதலாகப் பின்னும். கோக்கும்போது பிடித்துக்கொள்ள அது வேண்டும். கோத்துத் தைத்ததும் அதை உருவி எறிந்துவிடுவார்கள். கழிவு வரி என்று பெயர். முனை மூடுகிறவளைத் தவிர அதை யாரும் பார்ப்பதில்லை. ஆவிக்கொட்டகைக்காரி நான்கூட.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஐலியெனுக்கு வயிற்றில் அறுவை நடந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. சட்டை வந்தது, உள்ளே ஆள் வந்தாளா என்று தேட வேண்டியிருந்தது. பாய்ஷுன் வாய் திறந்து ஒரு சொல் பேசாத ஜென்மம். எந்திரத்தை ஓடவிட்டுப் பின்னறையில் அடுப்பு ஊதுவான், மறுபடி வந்து எந்திரத்துக்கு எண்ணெய் விடுவான். அவன் வீட்டு நூலில் மீன் வாசம் அடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் தெஃபா கிண்டல் பண்ணுவார். கொஞ்சம் கொஞ்சமாக ஐலியென் தேறி வந்தாள். மறுபடி முள்தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கோடைப் பிறப்பு வரும்வரை.

கோடை பிறக்கும் நாளில் எங்கள் பக்கத்தில் ஆட்களை நிறுப்பார்கள். தெஃபாவிடம் ஆள் உயர வெள்ளிக்கோல் ஒன்று இருக்கிறது, குண்டை நகர்த்தி எடை பார்க்கும் தண்டுத் தராசு. மற்ற நாளெல்லாம் பன்றிக்கும் நூல் மூட்டைக்கும். அன்று ஒருநாள் மனிதருக்கு. வாய்க்கால் ஓரத்துக் கற்பூர மரத்துக் கிளையில் கோலைக் கட்டி, கொக்கியில் பெரிய மூங்கில் கூடையைத் தொங்கவிடுவார். சந்தே அங்கே கூடும். காலையிலேயே அவரைப் பருப்புப் போட்டுப் பொங்கிய ஒட்டரிசிச் சோறு. மூங்கில் குருத்தை நறுக்காமல் முழுசாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். கால் வலுக்குமாம். காலுறை விற்றுப் பிழைக்கிற ஊர் கால் விஷயத்தில் அசட்டையாக இருக்குமா? பிள்ளைகள் கழுத்தில் எல்லாம் மிஞ்சிய நூலில் பின்னிய பைக்குள் ஓர் அவித்த முட்டை ஆடும்.

நிறுப்பதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கோலில் தொங்கும் குண்டை உள்ளேயிருந்து, அதாவது கூடைப் பக்கத்திலிருந்து, வெளியே வால் பக்கமாக மட்டும்தான் நகர்த்த வேண்டும். வெளியேயிருந்து உள்ளே இழுத்தால் அந்த ஆளின் ஆயுசை இழுத்த மாதிரி. இரண்டாவது, நிறுக்கிறவன் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் பெண்டாட்டியைப் புருஷன்தான் நிறுப்பான். வேடிக்கையே அதுதான்.

என்னை நிறுத்தபோது தெஃபா குண்டை நகர்த்திக்கொண்டே போய், "கோல் முடிஞ்சு போச்சு, இன்னும் நிக்க மாட்டேங்குது. பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு கோல் கடன் வாங்கிட்டு வாங்கப்பா!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இறங்கி வந்து அவர் முதுகில் ஒன்று வைத்தேன். அதுவும் வழக்கம்தான்.

அடுத்தது ஐலியென். புது நீலச் சட்டை போட்டிருந்தாள். கூடையில் ஏறி உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு. பாய்ஷுன் குண்டைத் தூக்கி, உள்ளேயிருந்து ஆரம்பிக்காமல், நேராகக் கோலின் நடுவைத் தாண்டிக் கொண்டுபோய் மாட்டினான். கோல் வால் சடாரென்று இறங்கி அவன் மோவாயில் இடிக்கப் பார்த்தது. பதறிப்போய்க் குண்டை உள்ளே இழுத்தான். இன்னும் இழுத்தான். கோல் சமமாக நிற்கும்வரை ஒரு கையகல தூரம் இழுத்துவிட்டான்.

"நூத்தியொண்ணு" என்று முணுமுணுத்தான். அரைக் கிலோவுக்கு ஒரு ஜின்; அந்த ஜின் கணக்கில் அதுதான் அவள் எடை. நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

ஐலியென் மெல்ல இறங்கினாள். "உள்ள தள்ளிட்டீங்க" என்றாள். அவன் குண்டைக் கழற்றித் தெஃபாவிடம் நீட்டினான்.

அன்று சாயங்காலம் அவள் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஐந்தாறு வீடு தள்ளி இருக்கும் சித்தி மகள் சாய்ஷியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாய்ஷியாவும் முனை மூடுகிறவள்தான். நாலைந்து வீட்டுக் காலுறைக்கு மூடுவாள். அங்கே இன்னொரு முள்தட்டு சும்மா கிடந்தது. ஐலியென் அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் மூட்டை வாங்கும் சாக்கில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னடி இது, சின்னப் புள்ள மாதிரி? கை தவறிடுச்சு மனுஷனுக்கு."

"எந்திரத்துல ஒரு ஊசி ஒடிஞ்சா பின்னறையிலேர்ந்தே சத்தத்த வெச்சுக் கண்டுபிடிக்கிற ஆளு அவரு. எந்திரத்துக்குத் தவறாத கை எனக்கு மட்டும் தவறுமா?"

"ஆஸ்பத்திரியில கூடவே கெடந்தாரே, அதை நெனச்சுப் பாரு."

"கெடந்தாரு, இல்லேங்கல. ஒரு வார்த்த பேசினாரா? டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா, கஞ்சி ஆறிடும் குடின்னாரு. இங்க வந்த பொறவும் அதே கதைதான். நானா எழுந்திரிச்சேன், நானா நடந்தேன். சரி, இன்னைக்கு ஊரே பாக்குது, நல்லா இருக்கேன்னு வந்து உக்காந்தேன். நூறு வருஷம் இருன்னு ஒரு வாய் வார்த்த. அது கூடவா வராது? வரல. உள்ள தள்ளிட்டாரு." அடுத்த காலுறையை எடுத்து முள்ளில் மாட்டினாள். "மனசுக்குள்ள என்னை எப்பவோ கழிச்சுட்டாருபோலக்கா."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவமாக இருந்தது.

"அண்ணன் யீவு டவுன்ல கடை போட்டிருக்கான். வான்னு எப்பவோ கூப்பிட்டான். மழைக்காலம் கழிஞ்சதும் பஸ் ஏறிடுவேன்" என்றாள்.

"ஏறுவே, ஏறுவே. லீவுக்கு வர்ற பொண்ணு எந்த வீட்டுக்குப் போவா?" என்று முள்தட்டிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள் சாய்ஷியா. ஐலியெனின் மகள் மாவட்டப் பள்ளி விடுதியில் படிக்கிறாள்.

"அவளும் யீவுக்கு வரட்டும்."

பிளம் பழுக்கும் காலத்து மழை அந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் வியர்த்தது. செருப்பில் பூஞ்சை பூத்தது. காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் நனைந்தே இருந்தது. சந்திலேயே காய்ந்த இடம் என் ஆவிக்கொட்டகை ஒன்றுதான். அதனால் மழைக்காலத்தில் எனக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, பிள்ளைத் துணியைச் சூடான ஆவிக்குழாய்மேல் விரித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பார்கள். செக்கச் சிவந்த யாங்மெய் பழம் மட்டும் யாரும் கொண்டுவரக் கூடாது. ஒரு சொட்டுச் சாறு வெள்ளைக் காலுறையில் விழுந்தால் துவைத்தாலும் போகாது.

பாய்ஷுன் ஒரு கூடை யாங்மெய் பழத்தோடு வந்து நின்றான்.

"வெளியே!" என்று கத்தினேன்.

அவன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான். நனைந்துபோயிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"அவளுக்கு" என்றான்.

"நீயே கொண்டுபோய்க் குடேன்."

தலையை ஆட்டினான். அந்த நேரத்தில் கொட்டகையில் வேறு யாரும் இல்லை. ஈரம் காயக் குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு அவனாகவே, "நூத்தி எட்டுல வெச்சேன்" என்றான்.

"எதடா?"

"குண்டை."

"அவ்வளவு தூரத்துல எதுக்கு வெச்சே?"

"ஆபரேஷனுக்கு முன்னால அவ அதான்க்கா. குளிர்காலம் முழுக்க மீன் சூப்பு, எலும்புச் சூப்புன்னு மாத்தி மாத்தி வெச்சேன். கன்னம் ரெண்டும் உருண்டு வந்துச்சு. அன்னைக்கு நீலச் சட்ட போட்டுட்டுச் சிரிச்சா. வந்துட்டா, பழையபடி வந்துட்டான்னு நெனச்சேன். நேரா அங்கயே கொண்டுபோய் மாட்டிட்டேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "அட மரமண்டை! இத அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"நூத்தி எட்டுன்னு நெனச்சேன்னு சொன்னா, நீ இன்னும் வரலேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேக்கா. அவ பாவம், தேறிட்டேன்னு நெனச்சிட்டிருக்கா." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் சொல்லக் கூடாது" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லித் தொலைத்தேன். என்னிடம் போய் ரகசியம் காக்கச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புங்கள்.

பழக்கூடையை எடுத்துக்கொண்டு போனேன். "யார் குடுத்தது?" என்று கேட்டாள் ஐலியென். சொன்னேன். "எனக்கு வேண்டாம்" என்றாள். நான் வம்புக்கென்று கூடையைத் திரும்ப எடுத்ததும், "சாய்ஷியாவுக்கு வேணும்னா வெச்சுட்டுப் போங்க" என்றாள். மறுநாள் போனபோது கூடை காலி. சாய்ஷியா வாய் வெளுத்திருந்தது, ஐலியென் வாய் சிவந்திருந்தது.

இதற்கிடையே பாய்ஷுன் வீட்டு எந்திரம் நிற்கவில்லை. பின்னப் பின்னக் காலுறை குவிந்தது. எல்லாம் வாய் திறந்தபடி. முன்னறை நிறைந்து படிக்கட்டுவரை ஏறிவிட்டது என்றார் தெஃபா. மூடிக் கொடுக்கச் சந்தில் யாருக்கும் கை ஓயவில்லை. மாதக் கடைசியில் சரக்கு ஏற்ற வண்டி வரும். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழி இல்லாமல், அவன் ஒருநாள் மழையில் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு சாய்ஷியா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். நானும் அங்கே இருந்தேன். தற்செயலாகத்தான். நம்பாவிட்டால் போங்கள்.

ஐலியென் முள்தட்டோடு சேர்த்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாய்ஷியா," என்றான் பாய்ஷுன், "இத மூடித் தர முடியுமா?"

"சாய்ஷியா," என்றாள் ஐலியென் சுவரைப் பார்த்து, "நமக்குக் கை நெறைய வேல இருக்குன்னு சொல்லு."

"கை நெறைய வேல இருக்காம்" என்றாள் சாய்ஷியா.

"அவசரம் இல்ல. மெதுவா மூடினாப் போதும்."

"அவசரம் இல்லேன்னா அவரையே மூடிக்கச் சொல்லு."

"உங்களையே மூடிக்கச் சொல்றா."

"மூடிப் பாத்தேன்" என்றான் அவன். ஈர மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு காலுறையை எடுத்துக் காட்டினான். முனை ஒரு பக்கம் கோணி, நடுவில் இரண்டு ஓட்டையோடு, தவளை வாய் பிளந்த மாதிரி இருந்தது. சாய்ஷியா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முள்தட்டில் கோத்திருந்ததெல்லாம் நழுவியது. நானும் சிரித்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளின் தோளும் ஒருமுறை குலுங்கியது. ஆனால் திரும்பவில்லை.

"வெச்சுட்டுப் போங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றாள் சாய்ஷியா. அவன் மூட்டையை வைத்தான். ஒரு நிமிஷம் ஐலியெனின் முதுகைப் பார்த்தான். போய்விட்டான்.

சாய்ஷியா மூட்டை வாயை அவிழ்த்து ஒரு பிடி எடுத்துப் போட்டதும், "இங்க பாரு, ஆரம்பிச்சுட்டாரு இவரு" என்றாள். வெள்ளைக் காலுறை ஒவ்வொன்றின் முனையிலும் கழிவு வரி பளிச்சென்று சிவப்பாக இருந்தது.

"என்ன ஆரம்பிச்சாரு?" என்று கேட்டாள் ஐலியென். நாற்காலி பாதி திரும்பியிருந்தது.

"செவப்பு நூலத்தான் சொல்றேன். உருவி எறியற வரிக்கு யாராவது சாயம் போட்ட நூல் போடுவாங்களா? தனியா ஒரு கண்டு மாட்டணும், ஒவ்வொரு சாக்ஸுக்கும் நூல் மாத்தணும். நாங்கல்லாம் வெள்ளைக்கு வெள்ளையே ஓட்டிட்டுப் போயிடறோம்."

ஐலியென் எழுந்து வந்தாள். "எல்லாரும் செவப்புதானே போடுவாங்க?"

"யாரு போடறா? இங்க வந்து இத்தன நாளா மூடறே, ஒண்ணுலயாவது செவப்பு பாத்தியா?"

"பாக்கல. வெள்ளையில வெள்ளை, கண்ணி எது வரி எதுன்னு தெரியாம கண்ணுல தண்ணியா கொட்டுது. ஒடம்பு முடியாமப் போனதால கண்ணும் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடி. எங்க எல்லாருக்கும் அப்படித்தான் கொட்டுது. நீதான் இத்தன வருஷமா சொகமா இருந்திருக்கே" என்றாள் சாய்ஷியா.

இருபது வருஷமாக அவள் அவன் பின்னியதைத் தவிர வேறு யாருடையதையும் மூடியதில்லை. உலகம் முழுக்கக் கழிவு வரி சிவப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனும் சொன்னதில்லை. அவன் எதைத்தான் சொன்னான்?

அவள் ஒரு காலுறையை எடுத்து அந்தச் சிவப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "அக்கா, அன்னைக்கு மொதல்ல குண்டு எந்தக் கோட்டுல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எனக்குள் ஒரு துள்ளல். ஏன் வைத்தான் என்றுதான் சொல்லக் கூடாது. எங்கே வைத்தான் என்பதைச் சந்தே பார்த்ததுதானே!

"நூத்தி எட்டு" என்றேன்.

"நூத்தி எட்டா?" அவள் உதடு அசைந்தது. "நூத்தி எட்டு நான்..." அந்தக் காலுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"புரிஞ்சுதா? கெளம்பு வீட்டுக்கு" என்றேன்.

"மாட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாதுக்கா. அவரு வாயால வரணும். இருபது வருஷமா நூல வெச்சே பேசிட்டிருந்தா எனக்கெப்படிப் புரியும்? தெஃபா அண்ணன் மறுபடி கோலைக் கட்டட்டும். அவரு மறுபடி நிறுக்கட்டும். உள்ளேர்ந்து வெளியே. நல்ல வார்த்தையோட. வாய் தொறக்கலேன்னா நான் யீவு பஸ்ஸுதான்."

சேதியைக் கொண்டுபோனேன். பாய்ஷுன் முகம் காலுறையைவிட வெளுத்தது. பஸ் பயம் பாதி, பேச வேண்டுமே என்கிற பயம் பாதி. தெஃபா அவனுக்குப் பாடம் எடுத்தார். "கஷ்டமே இல்ல தம்பி. 'நூறு வருஷம் வாழ்க, வீடு நெறைய செல்வம் வருக'. அவ்வளவுதான். எங்க, சொல்லு." அவன், "நூறு..." என்றான். அப்புறம், "எந்திரத்துக்கு எண்ணெய் விடணும்" என்று எழுந்து போய்விட்டான். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம், எந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் "நூறு வருஷம், நூறு வருஷம்" என்று உளறுவதைக் கேட்டோம்.

கோடைப் பிறப்பு இல்லாத நாளில் ஆளை நிறுக்கலாமா என்று ஒன்றிரண்டு பேர் இழுத்தார்கள். "ஒரு தடவ தப்பா நிறுத்தா மறுபடி நிறுத்துக் குடுக்கணும். அது கடைக்காரனுக்கே உள்ள தர்மம்" என்று தெஃபா வாயை அடைத்தார். மழையால் மரத்தடி ஆகாது. என் கொட்டகை விட்டத்தில் கோலைக் கட்டினோம். சந்து முழுக்க உள்ளே அடைத்துக்கொண்டது. ஆவியும் ஈரத்துணி வாடையும் மூச்சு முட்டியது. கால் வடிவத் தகரங்களுக்கு நடுவே ஆட்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஐலியென் சாய்ஷியாவோடு ஒரே குடையில் வந்தாள். அதே நீலச் சட்டை. கக்கத்தில் அதே தலையணை. மழையில் உமி ஊறிப்போயிருக்கும், நன்றாக உப்பியிருந்தது.

"அது எதுக்குடி?" என்றேன்.

"உங்க கூடை குத்துது" என்று அதைக் கூடையில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸுக்கும் அதையேதான் எடுத்துக்கொண்டு போவாளோ என்று எனக்குத் தோன்றியது. பாய்ஷுன் அந்தத் தலையணையையே வெறித்துப் பார்த்தான். அவனுக்கும் அதே நினைப்பாகத்தான் இருக்கும்.

குண்டைக் கையில் எடுத்தான். கோலின் ஆக உள்ளே, முதல் கோட்டிலேயே மாட்டினான். கோல் வால் மேலே கூரையைப் பார்த்தது. ஒரு கோடு தள்ளினான்.

"நூறு வருஷம்..." என்றான். நின்றுவிட்டான். தெஃபா உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினார். அவன் பார்க்கவே இல்லை. குண்டை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினான். எண்பதைத் தாண்டிய ஓர் இடத்தில் கை நின்றது.

"இது ஆஸ்பத்திரி" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. ஐலியெனுக்குப் புரிந்தது. கூடைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கோடு தள்ளினான். "இது மொத மொத நீ குடிச்ச கஞ்சி." தள்ளினான். "இது மீன் சூப்பு. முள் எடுத்துக் குடுத்தேன்." தள்ளினான். "இது நீ படியில தனியா ஏறினது. நான் கீழேர்ந்து பாத்துட்டு நின்னேன். பேசினா விழுந்துடுவியோன்னு பேசல." குண்டு நகர நகர அவன் வாயிலிருந்து வார்த்தை வந்துகொண்டே இருந்தது. அத்தனையும் எங்கே வைத்திருந்தானோ! "இது உப்புக்கீரை போட்ட பன்னிக்கறி. இன்னொரு கிண்ணம் கேட்டே. சட்டி காலி. என் கிண்ணத்த உனக்குக் குடுத்துட்டு, எனக்குப் பசிக்கலேன்னு சொன்னேன்." யாரோ மூக்கைச் சிந்தினார்கள். சாய்ஷியா என்று நினைக்கிறேன். நானாகவும் இருக்கலாம்.

நூற்றியொன்று வந்தது. "அன்னைக்கு இங்கதான்" என்றான். கோல் இன்னும் சமமாகவில்லை. வால் மேலேயே நின்றது. அவன் நம்பாமல் கோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு கோடு தள்ளினான். நிற்கவில்லை. இன்னொன்று. கொட்டகையே கழுத்தை நீட்டியது.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றான். "வா. இன்னும் வா. வா, ஐலியென்."

நூற்றெட்டில் கோல் சமமாக நின்றது. அசையவே இல்லை.

"வந்துட்டே" என்றான் பாய்ஷுன். சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்கிற வெட்கம்கூட இல்லாமல் அழுதான். "வந்துட்டே. இங்கயே இரு. போகாதே."

"அப்பாடா" என்றாள் ஐலியென், கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே. "இத்தன வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சுல பேசிட்டாரு." பின்பு அடியிலிருந்து தலையணையை உருவி, ஓர முடிச்சை அவிழ்த்து, அவன்மேல் வீசினாள். "இந்தாங்க, உங்க மிச்ச எடை!"

தலையணையிலிருந்து உமி கொட்டவில்லை. கட்டுக் கட்டாகக் காலுறை கொட்டியது. அவன் பின்னிய வெள்ளைக் காலுறைகள். ஒவ்வொன்றும் முனை மூடி, தையல் எங்கே என்று தெரியாமல். முனை மூடுகிறவளின் கைக்கு ஒரு கட்டு என்ன கனம் என்று தெரியாதா? நூற்றெட்டுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனையையும் கணக்காகத் திணித்து எடுத்து வந்திருக்கிறாள் திருடி.

"மூட்ட முழுக்க மூடியாச்சு மச்சான்," என்று சாய்ஷியா பின்னாலிருந்து கத்தினாள், "அவதான் மூடினா, என்னைத் தொடவே விடல!"

தலையணை போனதும் கோல் வால் தொப்பென்று இறங்கியது. பழக்கதோஷம், பாய்ஷுன் கை குண்டைப் பிடிக்கப் போனது.

"தொடாதே!" என்று கொட்டகை முழுக்க ஒரே குரலில் அலறியது. அவன் சூடு பட்டவன்போலக் கையை எடுத்தான். எல்லாரும் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். குண்டை உள்ளே இழுக்கவும் கூடாது, அவளுக்கு அந்தக் கனமும் இல்லை. தெஃபா தலையைச் சொறிந்தார். ஐலியென் கூடையிலிருந்து இறங்கி, மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உருண்டையை எடுத்தாள். உருவிய கழிவு வரியெல்லாம் சுற்றிச் சேர்த்த சிவப்பு நூல். ஒன்றைக்கூட எறியவில்லை அவள். குண்டை நூற்றெட்டாம் கோட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"இது இங்கயே இருக்கட்டும். நான் வரேன் அதுகிட்ட" என்றாள்.

அந்த வருஷம் முழுக்கத் தெஃபா பன்றி நிறுக்கவும் நூல் நிறுக்கவும் அடுத்த ஊரில் கோல் இரவல் வாங்கினார். முணுமுணுத்தார், ஆனால் முடிச்சைத் தொடவில்லை.

அடுத்த கோடைப் பிறப்பன்று மரத்தடியில் ஐலியென் வெறுங்கையை ஊருக்கே விரித்துக் காட்டினாள். "தலையணை இல்ல, நல்லாப் பாத்துக்குங்க." கூடையில் உட்கார்ந்ததும் வால் மேலே போனது; நூற்றெட்டையும் தாண்டிவிட்டாள். சிவப்பு முடிச்சு இறுகிப்போய்க் கையால் அவிழவில்லை. பாய்ஷுன் பல்லால் கடித்து அறுத்தான். குண்டை வெளியே தள்ளினான். இன்னும் தள்ளினான். நல்ல வார்த்தைக்காகச் சந்தே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவன் அண்ணாந்து கிளையைப் பார்த்தான். "தெஃபா அண்ணே," என்றான் கவலையாக, "கயிறு தாங்குமா?"

கூடையிலிருந்து ஒரு கால் நீண்டு வந்து அவன் இடுப்பில் ஓர் உதை கொடுத்தது. அவன் பின்னி அவள் மூடிய வெள்ளைக் காலுறை போட்ட கால்.